சாக்ஸ் போட்ட கை

திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன லேத் பட்டறையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். எனக்கிருந்த ஒரே திறமை, அடுத்தவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பேசுவது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தத் திறமையை என் மகளின் வலது கையிடம் காட்ட ஆரம்பித்தேன்.

அவளுக்கு அப்போது நான்கு வயது. பிறக்கும்போதே மூளையின் ஒரு பக்கத்தில் ஏற்பட்ட பாதிப்பால் வலது கையும் காலும் பலவீனம். கால் கொஞ்சம் இழுத்து இழுத்தாவது நடந்துவிட்டது. கைதான் மசியவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிய முஷ்டியாக, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா வேலையையும் இடது கையே முடித்துவிடும். தாம்பரத்தில் அவளுக்குக் கை கால் பயிற்சி கொடுத்த பெண், "இப்படியே விட்டா, அப்படி ஒரு கை இருக்கறதையே அவ மறந்துடுவா சார்" என்றார். அன்றிலிருந்து அந்த மூடிய கையைப் பார்த்தாலே எனக்குப் பயம்.

ஆனால் அவர் சொன்ன வைத்தியம் எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் கொஞ்ச நேரம் நல்ல கைக்கு ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு விளையாட வேண்டுமாம். அடுக்கியதைத் தள்ளுவது, மாவை அமுக்குவது, பந்தை உருட்டுவது. அப்புறம் சாக்ஸைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் விளையாட்டு.

"வேலை வாங்காதீங்க சார். விளையாடுங்க. கை தானா வரணும்."

இதற்கா இவ்வளவு படித்தார் என்று பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்தேன்.

இருந்தாலும் அடுக்குவதற்குக் கட்டைகள் வேண்டுமே. கடையில் விற்ற பிளாஸ்டிக் கட்டைகளின் ஓரம் எனக்குத் திருப்தியாக இல்லை. பட்டறையில் இரும்பிலேயே வெட்டி, மூலைகளை மழுக்கி, பாலிஷ் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மகளால் ஒன்றை நகர்த்தக்கூட முடியவில்லை. என் மனைவி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? கால்மேல வுழுந்தா அதுக்கு வேற வைத்தியம் பாக்கணும்."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. கட்டைகள் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போயின. மனைவி காலித் தீப்பெட்டிகளைப் பாயில் கொட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகளின் இடது கைக்கு என் பழைய சாக்ஸை மாட்டி, தீப்பெட்டிக் கோபுரம் கட்டி, எதிரே உட்கார்ந்தேன்.

"தள்ளும்மா. விரலை விரி. மணிக்கட்டைத் தூக்கு. தோளை ஏன் தூக்கற?"

பட்டறையில்கூட அவ்வளவு பேசியதில்லை. நான் பேசப் பேச அந்த முஷ்டி இன்னும் இறுகியது.

"நீயும் சாக்ஸ் போட்டுக்கோப்பா" என்றாள் மகள்.

வலது கைக்குப் போட்டுக்கொண்டேன். இடது கையால் நாலு பெட்டியைச் சேர்ந்தாற்போல் அடுக்க எனக்கு வரவில்லை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, சாக்ஸ் போட்ட கையால் கோபுரத்தைத் தாங்கிப் பிடித்தேன். நான்கு வயதுக் குழந்தையிடம் தோற்க மனம் வராத பெரிய மனுஷன் நான்.

அதற்குள் அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். "ஏமாத்தற நீ" என்றாள். தன் சாக்ஸைப் பல்லால் இழுத்துப் போட்டாள். பின்னலில் இருந்த ரிப்பனை உருவினாள். என் வலது கையைப் பக்கத்திலிருந்த நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்ட வந்தாள்.

ரிப்பனின் ஒரு முனையை இடது கையால் இழுத்தால் இன்னொரு முனை நழுவியது. அதைப் பல்லில் கடித்தாள். என்னைத் திட்டவும் வாய் வேண்டியிருந்ததால் அதுவும் விழுந்தது. இப்படிப் பிடி என்று சொல்ல வாயெடுத்தேன். அடுப்படி வாசலில் நின்ற என் மனைவி, பேசாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். அடங்கினேன்.

வலது கை நெஞ்சை விட்டு மெல்ல இறங்கியது. கட்டைவிரல் வெளியே வந்தது. ரிப்பனின் முனை விரல்களுக்குள் போனதும் விரல்கள் மூடிக்கொண்டன. இடது கை சுற்றி முடிக்கும்வரை அவை விடவில்லை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் நினைப்பெல்லாம் ஏமாற்றுக்காரனைக் கட்டிப்போடுவதில் இருந்தது.

எனக்குத் தீப்பெட்டிகள் மங்கலாகத் தெரிந்தன. அந்தக் கட்டு கையை அசைத்தாலே அவிழ்ந்துவிடும். நான் அசைக்கவில்லை.

அவள் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அழறியாப்பா? ரொம்ப டைட்டா கட்டிட்டேனா?"

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப டைட்டு."