முழங்காலுக்குக் கணினி சொன்ன தீர்ப்பு

செஞ்சி பஸ்ஸில் படி ஏறவே முடியாமல் போனபிறகுதான் முழங்கால் அறுவைக்குச் சம்மதித்தேன். டாக்டர் என் காலைப் பார்க்கவில்லை. ஆதார் அட்டையைப் பார்த்துக் கணினியில் தட்டினார். யாருக்கு அறுவை செய்யலாம் என்று சொல்லும் மென்பொருளாம். பத்தொன்பது கேள்விகள் கேட்டது. வலிக்கிறதா என்று ஒன்றுகூட இல்லை. திரை சிவந்தது.

"எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு ஐயா. ஆபரேஷன் வேணாம்னு சொல்லுது."

"எனக்கு எழுபத்து நாலுதான் சார். கை தலையைச் சுத்திக் காதைத் தொட்டுடுச்சுன்னு வாத்தியார் ரெண்டு வயசு கூட்டிப் போட்டுப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டார். அதுவே ஆதார்லயும் ஏறிடுச்சு."

"சேட்டை தாங்காம மூணு வயசுலியே இவரைத் தள்ளிட்டாங்க டாக்டரே," என்றாள் என் மனைவி. "இன்னும் அடங்கலை."

டாக்டர் வயதை மாற்றினார். சிவப்பு மஞ்சளானது.

"இப்ப இன்னா சொல்லுது?" என்றாள்.

"டாக்டரே முடிவு பண்ணணுமாம்," என்று திரையைப் படித்தார் டாக்டர்.

அவ்வளவு படித்தவர் முகத்தில் அப்படியொரு கலக்கம். இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்; அது வாய் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் எழுந்து வந்து என் முழங்காலை மடக்கிப் பார்த்தார்.

"ஐயோ, இத வச்சிக்கிட்டா நடக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, அறுவைக்கு நாள் குறித்தார்.