அத்தை, செத்த நேரம் பொறுங்க

டாக்டர் அருளப்பன் மறைந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல் வண்டியிலிருந்து இறங்கியவர் நேரே என்னிடம் வந்து, "சார், உங்க கூட்டாளி தவறிட்டாராம். காமாலை முத்திப்போச்சாம்" என்றார். நாற்பதைத் தொடாத மனிதனைப் பற்றி அப்படி ஒரு சொல்லைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. காப்பியை அப்படியே வைத்துவிட்டு, திண்டுக்கல்லுக்குத் திரும்பிய அதே வண்டியில் ஏறினேன்.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய வழக்கம் தெரியும். பெயர் கேட்காமல் எந்த மாட்டையும் தொடமாட்டார். "முன்னப்பின்ன தெரியாதவன் மேல கைய வச்சா நமக்கே கோவம் வராதா?" என்பார். கல்லூரி நாளிலேயே இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வோம். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஒரே மாட்டாஸ்பத்திரியில் வேலைக்கும் சேர்ந்தோம்.

அவர் ஆசையோடு சேர்ந்தார், நான் வேண்டாவெறுப்பாக. மனித வைத்தியம் படிக்க இடம் கிடைக்காமல் இதற்கு வந்தவன் நான். "மாட்டு டாக்டரா?" என்று பெண் வீட்டார் முகம் சுளித்தது வேறு உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. வேலையை விட்டுவிட்டு மதுரையில் மாமாவின் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று அருளப்பனிடம் சொன்னேன்.

"போறதுன்னா போ. ஒரு மாட்டுக்காவது நீ யாருன்னு தெரிஞ்ச பெறகு போ" என்றார்.

அந்த வாரமே ஆத்தூர்ப் பக்கமிருந்து ஆள் வந்தது. கன்று போட முடியாமல் ஒரு பசு தவிக்கிறதாம். காளை உதைத்து அருளப்பனின் வலக்கையில் கட்டுப் போட்டிருந்தது. "கை உன்னுது, வாய் என்னுது. வாலே" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அந்த வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு பசுதான். செல்லத்தாயி என்ற அந்த வீட்டுப் பெண் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். அருளப்பன் பெயரைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சொல்லக் கூடாது சார். எங்க அத்தை பேரு. அவுக போன பெறகு வாங்குன மாடு. எங்க வீட்டுக்காரரு அவுக ஆத்தா பேரையே வச்சுட்டாரு."

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அருளப்பன் சிரிக்கவில்லை. "அப்ப எங்களுக்கும் அத்தைதான்" என்று பசுவின் நெற்றியை இடக்கையால் தடவினார். "அத்தை, செத்த நேரம் பொறுங்க. உங்க மருமகன்தான் பாக்குறான். கை புதுசு, மனசுல வச்சுக்காதீங்க."

கன்றின் தலை பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. பிடித்துத் திருப்பப் போனால் வழுக்கியது. தோள்வரை கை மரத்துப்போய், இனி முடியாது என்று நினைத்தபோதெல்லாம் முன்னாலிருந்து அந்தக் குரல் வந்தது: "இந்தா, முடிஞ்சிருச்சு. இன்னும் கொஞ்சம்தான்." பசுவுக்குச் சொன்னாரா, எனக்குச் சொன்னாரா, தெரியாது. கன்று உயிரோடு விழுந்தது. தாய் திரும்பி அதை நக்கத் தொடங்கியபோது நான் அழுதுவிட்டேன்.

என் கைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே செல்லத்தாயி சொன்னாள்: "எங்க அத்தை உங்களுக்கும் அத்தைன்னா, நீங்க எனக்கு அண்ணன்தானே?"

மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில் சீம்பால் வந்தது. மருமகன் டாக்டருக்கு என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அந்த ஊரில் இன்றும் எனக்கு அதுதான் பெயர். மதுரைக்கு நான் போகவில்லை. பிடிக்காமல் சேர்ந்த வேலையை அன்றிலிருந்து ஒருநாளும் வெறுத்ததில்லை.

அருளப்பனை அடக்கம் செய்துவிட்டு வந்த சில நாளில் செல்லத்தாயி வீட்டிலிருந்து மறுபடி ஆள் வந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத காளைக்கன்றுக்குக் கழிச்சல். பழைய அத்தையின் வழியில் வந்த கன்றுதான். தொடுவதற்கு முன் பெயர் கேட்டேன். அவள் அன்றுபோலவே தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்ல வாய் வரலண்ணே. சேதி வந்த அன்னிக்குத்தான் பொறந்துச்சு. எங்க வீட்டுக்காரரு வச்சுட்டாரு."

என் கூட்டாளி என்னிடம் விட்டுப்போனது அந்த ஒரு கேள்விதான். அதற்கான பதிலை அன்று நானே சொல்லவேண்டி வந்தது. கன்றின் நெற்றியில் கை வைத்தேன்.

"அருளப்பா, செத்த நேரம் பொறுடா" என்றேன்.