முதுகில் பூட்டு வைத்த கத்தி

பொம்பளைப் பிள்ளைக்குக் கத்தி எதற்கு என்று மாமா கேட்டபோது என் கையில் சங்கரா மீனின் செதில் ஒட்டியிருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் யார் இந்தக் கதையைச் சொன்னாலும் அப்பாவின் விரலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். என் செதிலை எல்லாரும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் பின்னால், கடலைப் பார்த்த குப்பத்தில் எங்கள் வீடு. அப்பா ஃபைபர் படகில் மீன் பிடிப்பார். அம்மா கல்பாக்கத்தில் டவுன்ஷிப் பக்கம் கூடை வைத்து விற்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் நானும் போவேன். அம்மா விற்கிற மீனை நான் ஆய்ந்து கொடுக்க வேண்டும். வஞ்சிரத்தை ஒரே கனத்தில் துண்டு போடுவேன். இறால் உரிப்பேன், நண்டு உடைப்பேன். ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள், "பாப்பாகிட்டயே குடுங்க, அதுதான் சுத்தமா செய்யும்" என்பார்கள். என்னைவிட மூன்று வயது மூத்தவன் என் அண்ணன். அவன் கத்தி பிடித்தது பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது மட்டும்தான். அதையும் கோணலாக வெட்டினான்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். வளைகுடாவில் லாஞ்சில் மீன்பிடி வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கோடை விடுமுறையில், சோப்பும் போர்வையுமாக வந்து இறங்குவார். அந்தத் தடவை கூடவே இரண்டு மடக்குக் கத்திகளும் வந்தன. ஒன்றுக்குச் செம்மரக் கைப்பிடி, இரண்டு முனையிலும் பளபளவென்று பித்தளை. இன்னொன்று கறுப்புக் கைப்பிடி, பார்க்க ஒன்றுமே இல்லை. இரண்டுக்குமே பூட்டு முதுகில். கத்தியை விரித்தால் முதுகிலிருக்கிற கம்பி ஒரு பள்ளத்தில் போய் டக்கென்று உட்காரும். பிறகு முதுகை அழுத்தினால்தான் மடங்கும், தானாக மடங்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டுல ஒண்ணு நல்ல கத்தி, ஒண்ணு சுமாரு. எவுங்க கரீட்டா சொல்றீங்களோ, நல்ல கத்தி அவுங்களுக்குத்தான். மாமா சொன்னா சொன்னதுதான்."

சொன்னா சொன்னதுதான். பத்துப் பேர் காதில் விழச் சொன்னார்.

சொல்லிவிட்டு இரண்டையும் கீழே வைத்தார். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் இரண்டு பேருக்கும் சண்டை வருமாம். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சிமெண்டுத் தரை உள்ளவர்களுக்கு அது சரி. எங்கள் வாசலில் கீழே என்றால் கடல் மணல்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. பித்தளையைப் பார்த்ததும் பாய்ந்து எடுத்தான். நான் இரண்டையும் வாங்கி விரித்துப் பார்த்தேன். அதாவது, அவன் கீழே வைக்க, நான் எடுத்தேன். பித்தளைக் கத்தி டக்கென்று பூட்டிக்கொண்டது, ஆனால் ஆட்டினால் ஆடியது. கறுப்புக் கத்தி பூட்டவே இல்லை. வெயில் பக்கம் திருப்பிப் பார்த்தேன். முதுகிலிருந்த பள்ளத்தில் மணல். வாயை வைத்து ஊதினேன். முழங்காலில் இரண்டு தட்டு தட்டினேன். மறுபடி விரித்ததும் டக். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. தினமும் மீனும் கத்தியுமாகக் கிடக்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் ஊதியதையும் தட்டியதையும் வேறு யாரும் கவனிக்கவில்லை. மாமா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான் நல்லது" என்றேன்.

"புள்ள கரீட்டா புட்ச்சிகினா பாரேன்" என்று மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அந்த மனிதர் கறுப்புக் கத்தியை அண்ணன் பக்கம் தள்ளினார். பித்தளைக் கத்தியை என் பக்கம் தள்ளினார்.

"அவன் நாளிக்கு படகு ஏறப் போறவன். பொம்பளப் புள்ள, ஒனக்கு கத்தி இன்னாத்துக்கு? இத்த வெச்சிக்கினு மாங்கா நறுக்கு, போ."

இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. தராமல் இருந்திருக்கலாம். பந்தயமே வைக்காமல் இருந்திருக்கலாம். ஜெயித்தவளை உட்கார வைத்துவிட்டுத் தோற்றவனுக்குக் கொடுப்பது என்ன நியாயம்? நான் பித்தளைக் கத்தியைத் தூக்கி மணலில் எறிந்தேன். அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "பெரியவங்க குடுத்தத வீசுறியா, திமிரு புடிச்சவளே" என்றாள். அவள் எனக்காகப் பேசியிருக்க வேண்டியவள். காலையிலிருந்து அவள் கூடையில் இருந்த மீனையெல்லாம் ஆய்ந்தது யார்? அப்பாவும் பக்கத்தில்தான் இருந்தார். பல் குத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு கறுப்புக் கத்தி ஊர்வலம் போனது. அத்தை பார்த்தாள், அத்தை வீட்டுக்காரர் பார்த்தார், அண்டை வீட்டுக்காரர்கள் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் விரித்துப் பார்த்து, ஃபாரின் மாலு என்று மெச்சி, முறைப்படி மணலில் வைக்க, அடுத்தவர் எடுத்துக்கொண்டார். சாயங்காலம் அது தண்ணீர் டிரம் மூடியின் மேல் கிடந்தது. யாரும் இல்லாதபோது எடுத்து விரித்தேன். டக் என்ற சத்தம் வரவில்லை. பள்ளம் நிறைய மணல்.

ஒரு ஊது ஊதினால் போதும். உதட்டருகே கொண்டுபோகவும் செய்தேன். பிறகு, அவன்தானே ஆம்பளை, அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று மடக்கி அதே இடத்தில் வைத்துவிட்டேன். அம்மா அடித்த முதுகு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலையில் அண்ணன் அப்பாவோடு கடலுக்குப் போனான். ஒன்பது மணிக்குப் படகு கரையேறியபோது அப்பாவின் வலது கையைச் சுற்றி அண்ணனின் சட்டை இருந்தது, சட்டை முழுக்க ரத்தம். எவனோ விட்ட அறுந்த வலைக்கயிறு மோட்டார் விசிறியில் சுற்றிக்கொண்டதாம். அப்பா படகுக் கத்தியைத் தேடியபோது இவன், "புதுக் கத்தி கீது நைனா" என்று பெருமையாக எடுத்துப் பலகையில் வைத்திருக்கிறான். கயிற்றுக்குள் மாட்டிய கத்தியை அப்பா அசைத்து உருவப் பார்த்திருக்கிறார். கத்தி மடங்கி விரல்மேல் இறங்கிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். ஆள்காட்டி விரல் பிழைத்துக்கொண்டது, ஆனால் அதன் பிறகு மடங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பெரிய ரகளை. அப்பாவின் அக்காவான அத்தை மாமாவை நிற்க வைத்துக் கேட்டாள். "டுப்ளிகேட் மாலு வாங்கியாந்து எந்தம்பி வெரல காவு குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு மச்சானா?" அம்மா மூலையில் அழுதாள். அப்பா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா அந்தக் கத்தியைக் கேட்டார். அண்ணன் அழுதுகொண்டே கீழே வைத்தான். மாமா எடுத்து விரித்தார், பூட்டவில்லை. முதுகுப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். நான் டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கத்தியை மடக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஆமா, கத்தி சரியில்ல. பாத்து வாங்கியிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார்.

எனக்கு மனசு அப்படியே குளிர்ந்துபோனது. நன்றாக வேண்டும், பத்துப் பேர் முன்னால் சொன்ன வார்த்தையை மாற்றினீர் அல்லவா, அதே பத்துப் பேர் முன்னால் அவமானப்படும் என்று நினைத்தேன். அப்பாவின் விரல் அப்போது என் மனசில் இல்லை. லீவு முடிவதற்கு முன்பே மாமா கிளம்பிப் போனார். அதற்குப் பிறகு எந்த லீவிலும் அவர் எங்கள் வீட்டில் சாப்பிடவில்லை. அத்தை இன்றுவரைக்கும் "அந்த டுப்ளிகேட்டுக்காரன்" என்றுதான் அவரைச் சொல்கிறாள்.

எனக்கு இப்போது இருபத்தைந்து வயது. முட்டுக்காட்டில் ஒரு ஹோட்டல் சமையலறையில் மீன் பிரிவு என் பொறுப்பு. இருபது கத்திகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஒன்றுகூட மடங்காது. மாமா வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, போன பொங்கலுக்கு நான் மட்டும் அவர் வீட்டுக்குப் போனேன். கரும்பு வெட்டச் சட்டைப் பையிலிருந்து கத்தியை எடுத்தார். கறுப்புக் கைப்பிடி, அதே கத்தி. பிடி தேய்ந்து வழவழத்திருந்தது. பேச்சை நிறுத்தாமலே முதுகுப் பள்ளத்தில் ஒரு ஊது ஊதினார், முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினார், விரித்தார். டக்.

பதினாலு வருஷத்துக்கு முன் நான் ஊதிய அதே ஊது, அதே இரண்டு தட்டு. நான் ஊதியதை அவர் மட்டும்தான் பார்த்தார். ஊதத் தெரிந்தவள் வேண்டுமென்றே ஊதாமல் விட்டாள் என்பதும், பள்ளத்து மணலையும் என் முகத்தையும் பார்த்த அந்தச் சாயங்காலமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் தன் தப்பு என்றார். பதினொரு வயதில் அது எனக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்த பார்வை என்ன என்று யோசிக்கவும் தோன்றவில்லை. இப்போது புரிந்ததும் எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்குச் சேர வேண்டிய கத்தியை அண்ணனுக்குக் கொடுத்தார். எனக்குச் சேர வேண்டிய பழியைத் தானே எடுத்துக்கொண்டார். இரண்டு தடவையும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீ வெட்டு, ஒனக்குத்தான் நல்லா வரும்" என்று மாமா கத்தியைக் கீழே வைக்கக் குனிந்தார்.

"கீழ வெக்காத மாமா" என்று கையை நீட்டினேன். "கைல குடு."

"சண்ட வரும்டி."

"வரட்டும்" என்றேன். "பதினாலு வருசமா பாக்கி கீது."