யாருக்கும் பிடிக்காத அத்தர்

எனக்கு அந்த அத்தர் பிடிக்காது. இதை வாயைத் திறந்து சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. அப்போதும் சொல்ல வேண்டியவரிடம் சொல்லவில்லை. அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொன்னேன்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் செக்கராக இருக்கிறேன். வீடு வேலூரில். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய், சாயங்காலம் ஐந்தரைக்கு அதே பஸ்ஸில் திரும்புகிற பிழைப்பு. பஸ்ஸில் முப்பது பேர் வருவோம், பெரும்பாலும் பெண்கள். கம்பெனிக்குப் பின்னாலேயே அதே முதலாளியின் டேனரியும், அதாவது தோல் பதனிடும் ஆலையும், இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் அநேகமாக உள்ளூர்க்காரர்கள். எங்கள் பஸ்ஸில் டேனரி ஆள் ஒரே ஒருவர்தான். மாதனூரில் ஏறி மாதனூரிலேயே இறங்குவார். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு முடி நீக்குகிற வேலை அவருக்கு. ஈர வேலை என்போம். எங்கள் கம்பெனியில் அதற்குக் கீழே ஒரு வேலை கிடையாது.

சாயங்காலம் பஸ் கிளம்பக் காத்திருக்கும்போது அவர் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிப்பது ஜன்னல் வழியாகத் தெரியும். தோல் உரிந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்குத் தேய்ப்பார். மாற்றுச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, கடைசி ஆளாக ஏறுவார். ஏறியதும் சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவு அத்தர் பாட்டில் ஒன்று வெளியே வரும். தனக்கு இரண்டு சொட்டு வைத்துக்கொள்வார். அப்புறம் முன் சீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக வருவார்.

"கைய நீட்டும்மா."

புறங்கையை நீட்டுவோம். பாட்டில் மூடியின் குச்சியால் ஒரு கோடு இழுப்பார். மறு கையில் தேய்த்து, முந்தானையிலோ துப்பட்டாவிலோ துடைத்துக்கொள்வோம். எங்கள் ஊர்ப் பக்கம் முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ப் பழகிய யாருக்கும் இது புதிதில்லை. கையை நீட்டினால் மரியாதை, இழுத்துக்கொண்டால் அவமானம். இவர் முஸ்லிம் இல்லை. எந்தக் கல்யாணத்தில் பார்த்துப் பிடித்துக்கொண்டாரோ, தெரியாது.

அந்த வாசனையை எப்படிச் சொல்வது? ஊதுபத்திக் கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அதில் சர்க்கரைப் பாகைக் கலந்த மாதிரி இருக்கும். மாதனூரில் அவர் இறங்கிப் போன பிறகும் வேலூர் வரை எங்களோடு வரும். வீட்டில் வெங்காயம் நறுக்கினாலும் கையில் அதுதான் அடிக்கும். எனக்கு ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி. பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் ஒரு பக்கப் பொட்டு தெறிக்க ஆரம்பித்துவிடும்.

சொல்லியிருக்கலாம்தானே? நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு புகழ்ந்தேன். எனக்கு முன்னால் நான்கு வரிசையும் சிரித்த முகத்தோடு கை நீட்டுகிறது. நான் மட்டும் எப்படி முகத்தைச் சுளிப்பது? அதனால் மற்றவர்களைவிட ஒரு படி மேலே போய், "இன்னிக்கு ஜம்முனு இருக்குதுண்ணா, எங்க வாங்கறீங்க?" என்று கேட்டு வைத்தேன். அடுத்த வாரம் புது பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டார்.

"உனக்குன்னு சொல்லி வாங்கியாந்தேம்மா. வூட்ல வெச்சிக்க."

வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. பாலிதீன் பையில் நன்றாகச் சுற்றி, மறுநாள் குப்பை வண்டியில் போட்டேன். போடும்போது கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம்தான்.

பஸ்ஸுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வண்டி லேட், டயர் பஞ்சர், நாளைக்கு லீவு என்று தகவல் போடுவதற்காக ஆரம்பித்தது. அவரிடம் பட்டன் போன்தான், அதனால் அவர் அதில் இல்லை. ஒரு சனிக்கிழமை தலைவலியோடு வீட்டுக்கு வந்து, மாத்திரை போட்டும் கேட்காமல், எரிச்சலில் அந்தக் குரூப்பில் எழுதினேன்: 'அந்த அத்தர் நெஜமாவே யாருக்காச்சும் புடிக்குதா?'

எழுதிய பிறகு பயந்துபோய் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் பதில்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. கட்டிங் செக்‌ஷன் பெண் முழுகாமல் இருந்த மாசங்களில் தினமும் வீட்டுக்குப் போனதும் வாந்தி எடுத்தாளாம். இன்னொருத்தி அத்தருக்காகவே பழைய துப்பட்டா ஒன்றைப் பையில் வைத்திருக்கிறாளாம். டிரைவர், எப்போதும் கட்டை விரல் மட்டும் போடுகிறவர், ஒரு நிமிஷத்துக்குக் குரல் பதிவே அனுப்பினார்: அதற்காகத்தான் சீட்டுக்குப் பக்கத்தில் கற்பூரம் வைத்திருக்கிறாராம், நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தோம். தையல் செக்‌ஷனில் நாங்கள் ஆபா என்று கூப்பிடும் மூத்த அம்மா, வீட்டில் தலைமுறை தலைமுறையாக அத்தர் போடுகிறவர், "இது அத்தரே இல்லம்மா, எங்க வூட்ல இத பாத்ரூம்லகூட தெளிக்க மாட்டோம்" என்றார். யாரோ ஒருத்தி ஓட்டெடுப்பு வைத்தாள். 'பிடிக்கும்' என்ற பக்கத்தில் ஒரு விரல்கூடப் படவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆறு வருஷம் ஒரே பஸ்ஸில் போய் வந்தும் நாங்கள் அப்படி ஒருவரோடொருவர் பேசிச் சிரித்ததில்லை. எனக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது அத்தனை பேருக்கும் என்று தெரிந்தபோது, ஏதோ சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

சரி, அவரிடம் யார் சொல்வது? ஆபா மட்டும் தெளிவாகச் சொன்னார். "யாராச்சும் ஒருத்தர் போயி தனியா பக்குவமா சொல்லிடுங்க. எல்லாருமா சேந்து கைய மட்டும் இழுத்துக்காதீங்க." நான்தான் ஆரம்பித்தவள், நான்தான் போயிருக்க வேண்டும். 'சரி ஆபா' என்று பதில் போட்டேன். போகவில்லை.

திங்கட்கிழமை அவர் ஏறி, பாட்டிலைத் திறந்து, முன் சீட்டுக்கு வந்தார். அங்கே இருந்த பெண் கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அடுத்தவள் போனில் இருந்தாள். அடுத்த வரிசையில் இருவரும் தூக்கம், அதுவும் இன்னும் கிளம்பாத பஸ்ஸில். ஐந்தாவது வரிசையில் நான். அவர் முகத்தில் அப்போதும் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஜம்முனு இருக்குது என்று சொன்னவள் நான்தானே, என்னிடம் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பி வந்த மாதிரிதான் இருந்தது.

"தலவலிண்ணா," என்றேன்.

"ஜாஸ்தியா இருக்குதாம்மா?"

"ஆமாண்ணா."

"இத்தினி நாளா இதாலயா?" பாட்டிலைக் காட்டிக் கேட்டார். நான் பொட்டைத் தேய்த்துக்கொண்டேன். பின்னால் இருந்த வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்று சொல்லி மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து தனக்கும் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் எங்களுக்கு அந்த அத்தர் என்ன செய்துகொண்டிருந்தது என்று புரிந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றம் உடம்பை விட்டுப் போகாது. நகத்துக்குள்ளும் முடிக்குள்ளும் புகுந்துகொள்ளும். அவர் ஏறி உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் மூடிய பஸ் முழுக்க அழுகின தோல் நாற்றம் நிறைந்தது. எங்கள் எல்லோர் மேலும் ஒரே வாசனையைப் பூசி, அதற்குள் தன்னுடையதை மறைத்துக்கொண்டு, ஆறு வருஷம் எங்களோடு சமமாக உட்கார்ந்து வந்திருக்கிறார் மனிதர். அதைத்தான் நாங்கள் ஓட்டுப் போட்டு நிறுத்தியிருந்தோம்.

இது புரிந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? போய், "அண்ணா, அத்தரையே போடுங்க" என்று காலில் விழாத குறையாகக் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் குரூப்பில் மறுபடி எழுத ஆரம்பித்தோம். முதல் தடவை போலச் சிரித்து எழுதவில்லை, இந்தத் தடவை எல்லோரும் மிகவும் மரியாதையாக எழுதினார்கள். பாவம்தான், ஆனாலும் கஷ்டமாக இருக்கிறது என்றார்கள். குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள் ஒருத்தி, அவள் குழந்தை பஸ்ஸில் வருவதே இல்லை. அவர் ஊரின் எந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறார் என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் பேசியதில்லை. பேசாததாலேயே நாங்கள் நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அன்றும் யாரும் பேசவில்லை. ஆபா ஒரு வார்த்தை எழுதாமல் குரூப்பை விட்டு வெளியேறினார்.

டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு ஒரு மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பெண் தொழிலாளர்களின் சுகாதாரம் கருதி, ஈரப் பிரிவைச் சேர்ந்த ஒரு தொழிலாளிக்கு வேறு ஏற்பாடு செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். ஆபாவைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவரை யாரும் போகச் சொல்லவில்லையே, வேறு ஏற்பாடுதானே கேட்டோம் என்று வீட்டில் சப்பைக்கட்டு கட்டினேன். என் வீட்டுக்காரர் டிவியைச் சத்தமாக வைத்தார்.

ஒரே ஒரு ஆளுக்காக எந்தக் கம்பெனி வேன் விடும்? அவருக்கு ஒரு ஏற்பாடும் நடக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சைக்கிளில் வர ஆரம்பித்தார். மாதனூரிலிருந்து கம்பெனிக்கு ஹைவேயில்தான் வரவேண்டும், லாரிகள் சீறிக்கொண்டு போகிற ரோடு. தினமும் ஏதாவது ஓர் இடத்தில் எங்கள் பஸ் அவரைத் தாண்டும். டிரைவர் ஹாரன் அடிக்காமல் நன்றாக ஒதுங்கித் தாண்டுவார். அந்த நேரத்தில் பஸ்ஸில் எல்லோரும் போனைப் பார்ப்போம். மழைக்காலத்தில் ஒருநாள் தலையில் உரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு மிதித்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் பத்து சீட் காலியாக இருந்தது. நிறுத்துங்கள் என்று ஒரு குரல் போதும். எனக்கு முன்னால் யாராவது சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பஸ் போய்விட்டது.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துப் படைத்த பிறகு ஒரு செக்‌ஷன் ஆட்கள் இன்னொரு செக்‌ஷனுக்குப் போய்ப் பொரி வாங்கிக்கொள்வோம். அந்த வருஷம் நான் டேனரிப் பக்கம் போனேன், சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். தோல் போட்டுச் சுற்றுகிற டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அவர்தான் பொரி கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாம்மா, தலவலி எப்டி இருக்குது?" என்று கேட்டார்.

"அண்ணா, ஆபீஸுக்கு மனு எழுதுனது நான்தான்."

"தெரியும்மா. ஆபீஸ்ல காட்டுனாங்க. எழுத்து முத்து முத்தா இருந்துச்சி."

"தப்புதாண்ணா. மன்னிச்சிடுங்க."

"அத்த வுடும்மா." பொரியைப் பையில் அள்ளிப் போட்டார். அப்புறம், கோபமே இல்லாத குரலில் சொன்னார். "மொதல்ல படிச்சப்ப அது நான்னு எனக்கு தெரில. ஈரப் பிரிவு தொழிலாளி ஒருத்தர்னு போட்டிருந்துச்சா, புதுசா யாரோ ஏறுறான் போலன்னு நெனச்சிக்கினேன். யாரு சார் அவன், நான் வேணா பேசிப் பாக்கட்டுமான்னு கேட்டுட்டேன். அந்த சாரு தலய குனிஞ்சிக்கினாரு. பேர போட்டிருந்தீன்னா அந்த சங்கடம் இல்ல பாரு."

பெயர் போடாததை நாகரிகம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். மனு எழுதும்போது உண்மையில் நடந்தது வேறு. பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. மறுநாள் காலை பஸ் மாதனூர் வருவதற்குள் பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன், அவள் அடுத்தவளைக் கேட்டாள். ஒருத்திக்கும் தெரியவில்லை. ஆறு வருஷம் கை நீட்டியிருந்தோம், அண்ணா என்று கூப்பிட்டிருந்தோம், அவ்வளவுதான்.

இப்போதாவது கேட்டுவிடலாம், எதிரில்தான் நிற்கிறார் என்று நினைத்தேன். கேட்டால், எனக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். பொரிப் பையை வாங்கிக்கொண்டு, "வர்றேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்ஸில் ஏறினேன்.