என் நெஞ்சைப் பற்றி யாரிடம் கேட்டார்கள்

மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுவது எனக்குப் பழகிப் போயிருந்தது. டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பு இரண்டாவது மாடியில். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது.

ஒரு வருடத்துக்கு மேல் இதற்காக அரசு டிஸ்பென்சரிக்கு நடந்தேன். அங்கிருந்த டாக்டர் ஸ்வெட்டருக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எடுத்துவிடுவார். "டென்ஷன் மத் லீஜியே" என்பார். கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். கூடவே சத்து மாத்திரை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றும் ஒருமுறை சொன்னார்.

மகள் வித்யாவுக்குத் தொண்டை வலி என்று அழைத்துப் போன அன்று அவர் விடுப்பு. அவர் இடத்தில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். குழந்தையின் தொண்டையைப் பார்த்து முடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்குவீங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, மார்பில் இடம் மாற்றி மாற்றி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "சின்ன வயசுல மூட்டு வீங்கி ஜுரம் வந்துதா?"

வந்திருந்தது, திருநெல்வேலியில், பள்ளிக்கூட நாட்களில். அதுவரை ஒரு டாக்டரும் அதைக் கேட்டதில்லை. அந்த ஜுரம் இதய வால்வையும் கெடுத்துவிடும் என்றார்.

எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) எடுத்தார்கள். மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு) சுருங்கி, சுண்ணாம்பு படிந்து, ஒழுகிக்கொண்டும் இருந்தது. முன்பே வந்திருந்தால் பலூன் வைத்து விரித்திருக்கலாம், இனி மாற்றத்தான் வேண்டும் என்று சோதனை செய்தவர் சொன்னார். முன்பே வந்துகொண்டுதானே இருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

பெரிய மருத்துவமனையில் அறுவை மருத்துவர் என் கணவர் சண்முகத்தைப் பார்த்தே பேசினார். செயற்கை உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டும். அந்த மாத்திரையோடு கர்ப்பம் ஆபத்து. விலங்குத் திசுவில் செய்த வால்வு என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சில வருடங்களில் தேய்ந்துவிடும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும்.

"உங்களுக்கு இன்னொரு குழந்தை வேண்டுமா?" என்று இவரிடம் கேட்டார்.

"அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்" என்றார் இவர்.

இவ்வளவும் ஆங்கிலத்தில் நடந்தது. எனக்கு அது புரியாது என்று மருத்துவர் தானாகவே முடிவு செய்திருந்தார். அமைச்சக அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலக் கடிதங்கள் தட்டச்சு செய்வதுதான் என் வேலை.

"டாக்டர், திறக்கப் போவது என் நெஞ்சை. என்னிடம் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஆரம்பித்தார். "அம்மாவுக்கு ஒரு பேரன் வேணும்னு ஆசை. அது உனக்கே தெரியும்லா."

"மறுபடி என்னைப் பொளக்கும்போதும் அத்தைகிட்டதான் கேப்பீங்களா? வித்யாவை யார் பாத்துக்குவா?"

மறுநாள் சாயங்காலம் அவராகவே ஊருக்குப் போன் பேச எஸ்.டி.டி. பூத்துக்குக் கிளம்பினார். நானும் போனேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடவில்லை. "அம்மா, உங்கிட்ட கேக்கல. முடிவு பண்ணியாச்சு, அதைச் சொல்றேன்" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று திரும்பும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

உலோக வால்வு பொருத்தினார்கள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய், தாங்க முடியாத தாகம். இருமினால் நெஞ்செலும்பு பிளந்துவிடும் போலிருக்கும். தலையணையைக் கட்டிக்கொண்டு இருமப் பழகினேன்.

அந்த மாத்திரையால் மாதவிலக்கில் இரத்தப்போக்கு அதிகமாகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பயந்துபோய்க் கேட்டபோது, "அது சகஜம்தான்" என்றார்கள். சகஜம் என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே. இந்தப் பாதையில் வரும் பெண்களே, நீங்கள் முன்பே கேளுங்கள்.

மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்குப் போனபோது பழைய டாக்டர்தான் இருந்தார். சீட்டைப் படித்துவிட்டு, "இத்தனை நாள் ஏன் கவனிக்காம விட்டீங்க, பெஹன்ஜி?" என்று சகோதரி முறை வைத்துக் கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் கேட்க, வந்த ஒவ்வொரு தடவையும் அவர் என்ன சொன்னார் என்று சொன்னேன். ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாததையும் சொன்னேன். அவர் சீட்டிலேயே கண்ணை வைத்திருந்தார்.

வீடு சேர்ந்த பிறகுதான் கவனித்தேன்: அவ்வளவு பேசியும் நடுவில் ஒரு இடத்திலும் மூச்சுக்காக நிற்கவில்லை. மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க இப்போது மாதா மாதம் இரத்தப் பரிசோதனை. அறையில் சத்தம் அடங்கினால் உள்ளே உலோகம் தட்டுவது கேட்கும். அது இன்னும் அந்நியமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோபம் வந்தால், அதைச் சொல்லி முடிக்கும்வரை எனக்கு மூச்சு இருக்கிறது.