பூநாரை பார்க்கப் போன சனிக்கிழமை

தொண்ணூறுகளின் கடைசியில், பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை அது. காலை ஐந்து ஐம்பதுக்குக் கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியாகத் தூத்துக்குடி போகும் பேருந்தில் ஏறினேன். புதியம்புத்தூருக்கு டிக்கெட் ஒன்பது ரூபாய். பையில் ஒரு நோட்டு, தண்ணீர் பாட்டில், எலுமிச்சைச் சோறு, தோழி ஒருத்தியிடம் இரவல் வாங்கிய பைனாகுலர்.

அப்போது பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெண்கள் பள்ளியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். பறவைகள் பாடம் வரும்போதெல்லாம், பூநாரை தன் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரை வடிகட்டி உண்ணும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவேன். அந்த ஆண்டு ஒருத்தி எழுந்து, “டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டாள். இல்லை என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. குளிர்காலம் முழுக்க அவை தருவைக்குளம் பக்கத்துக் கடலோரத்தில் நிற்கின்றன என்று தோழிதான் சொன்னாள். எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில்.

வெளியே இன்னும் இருட்டு. ஷட்டர் இடுக்கில் வாடைக்காற்று ஊசியாக இறங்கியது. முந்தானையால் காதை மூடித் தூங்கிப்போனேன், ஓட்டப்பிடாரத்தில்தான் விழித்தேன்.

ஏழு இருபது. புதியம்புத்தூர் நிறுத்தத்தில் ஜெபராணி மதினி டி.வி.எஸ். ஐம்பதோடு நின்றுகொண்டிருந்தார். என் அண்ணன் மனைவி. அண்ணன் மும்பையில் வேலை பார்த்தான். மதினி வீட்டு முன்னறையில் நான்கு தையல் மெஷின் போட்டுப் பிள்ளைகளுக்கான ரெடிமேட் சட்டை தைத்துக் கொடுத்துவந்தார். தீபாவளிக்கு முன்னால் மெஷினில் உட்கார்ந்தவர், பொங்கல் சரக்கு லாரி ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு நாளாவது சும்மா படுத்துக்கிடக்கலாம் என்றிருந்தவரைத்தான் நான் கூப்பிட்டிருந்தேன்.

“ஏட்டி எஸ்தர், கொக்கு பாக்கதுக்கு இம்புட்டு தூரமா? எங்க வீட்டு முன்னால சாக்கடையில நாலு நிக்குல்லா, அதைப் பாத்தா ஆவாதா?”

“அப்போ ஏன் மதினி வாரீங்க?”

“பொம்பளப் பிள்ளைய ஒத்தையில கடக்கரைக்கு அனுப்பிட்டு நான் வீட்டுல படுத்துக் கிடக்கவா? ஏறு, ஏறு.”

மீட்டர் வேலை செய்யாத வண்டி அது. பதினைந்து கிலோமீட்டர் இருக்கும் என்றார் மதினி. அந்தப் பதினைந்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடலை நெருங்க நெருங்க எதிர்க்காற்று வண்டியை நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. ஓர் ஏற்றத்தில் நான் இறங்கி நடந்தேன். வண்டியை முந்திக்கொண்டு போனேன். மதினி சிரித்த சிரிப்பில் ஹேண்டில் ஆடியது. சாலையோர உடைமரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தன. அதற்கப்பால் உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள், பிறகு கடல்.

எட்டு ஐம்பதுக்குத் தருவைக்குளம். ஊருக்கு வடக்கே, அளங்கள் முடிந்து சேற்றுத்திட்டு தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். கடல் உள்வாங்கியிருந்தது. அரை மைல் அகலத்துக்குப் பளபளக்கும் ஈரம். வெறும் சேறு என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தச் சேறு நகர்ந்தது. ஆயிரக்கணக்கான உள்ளான்கள்! சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, சேற்றின் நிறமேயான பறவைகள், தையல் ஊசி இறங்குவதுபோல் அலகைக் குத்திக் குத்தி எடுத்துக்கொண்டு ஓடின. திடீரென்று எல்லாம் ஒன்றாக எழும்பித் திரும்பியபோது வயிற்றின் வெள்ளை பளிச்சென்று அடித்தது, அடுத்த நொடி ஒன்றுமே இல்லை, மறுபடி வெள்ளை. வளைந்த நீள அலகோடு ஒரு கோட்டான் கூவியது; ஆந்தையல்ல, அதே பெயர் கொண்ட கரைப்பறவை. அந்தக் குரலில் இருந்த ஏக்கத்தை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

அவற்றுக்கு அப்பால், தண்ணீர் விளிம்பில், நீளமாக ஓர் இளஞ்சிவப்புக் கோடு.

அடித்த காற்றில் பைனாகுலரில் எதுவும் நிலைக்கவில்லை. மதினியின் தோளில் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். பூநாரைகள்! நூற்று அறுபதுவரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். தலையைக் கவிழ்த்து, கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கி, மெல்ல வட்டமடித்து மேய்ந்தன. நான் கரும்பலகையில் போட்ட கழுத்து எல்லாம் தப்பு. அவ்வளவு நீளத்தையும் அவ்வளவு எளிதாக அவை சுருட்டி விரித்தன.

பைனாகுலரை மதினியிடம் கொடுத்தேன். வேண்டாவெறுப்பாக வாங்கியவர் வெகுநேரம் கீழே இறக்கவில்லை.

“ஏட்டி, றெக்கைக்கு அடியில பாத்தியா? இந்தச் செவப்புல எங்க ஊர்லயே துணி கிடைக்காது.”

அதன்பின் பைனாகுலர் என்னிடம் வந்தது எப்போதாவதுதான்.

பத்தரை மணி இருக்கும். கடலில் ஒரு மோட்டார் படகு போன சத்தத்தில் கூட்டம் மொத்தமும் எழும்பியது. கறுப்பும் சிவப்புமாகச் சிறகுகள் வானத்தை நிறைத்தன. நான் அண்ணாந்து வாயைத் திறந்தபடி நின்றேன். மதினிதான் கீழே பார்த்தார்.

“ஒண்ணு எந்திரிக்கல எஸ்தர். அங்கன, ஓடைப் பக்கம். என்னமோ மாட்டிக்கிட்டு அடிக்கி.”

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினோம். முழங்கால்வரை உள்ளே போனது. ஒவ்வொரு காலையும் பிடுங்கிப் பிடுங்கி நடந்து சேர்வதற்குக் கால் மணி நேரமாயிற்று. கடல்தண்ணீர் ஏறி இறங்கும் ஓடையின் குறுக்கே கம்பு நட்டு ஒரு நைலான் வலை கட்டியிருந்தார்கள். அதில் ஒரு சிறகும் இரண்டு காலும் சிக்கிக் கிடந்தது அந்தப் பறவை. எங்களைக் கண்டதும் உதறியது. உதற உதற வலை இறுகியது.

கரையிலிருந்து ஒருவர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். வலைக்காரர். பெயர் சூசை என்று பிறகு தெரிந்துகொண்டோம். நாற்பது வயது இருக்கும்.

“வலையில கை வைக்காதீங்க! யாரு நீங்க? எந்த ஊரு?”

“பறவை சாவுதுண்ணே,” என்றேன்.

“தெரியுது. கிறிஸ்துமஸ் கழிச்சுத்தான் இந்த வலையைப் போட்டேன். நீங்க பிச்சிட்டுப் போயிட்டா நான் என்ன செய்ய? தள்ளுங்க, நான் அவுக்குதேன்.”

அவர் சொன்னதைச் செய்தார். பறவையைக் கக்கத்தில் இடுக்கி, மதினியின் தலைத்துண்டை வாங்கி அதன் கண்ணை மூடினார். அதோடு அது அடங்கியது. ஒவ்வொரு கண்ணியாக விரலால் நெகிழ்த்தினார். ஒரு காலை விடுவித்துவிட்டார். ஆனால் சிறகின் மூட்டில் நூல் இறகுக்குள் புதைந்திருந்தது. தொடும்போதெல்லாம் ரத்தம் கசிந்தது. நான் கழுத்தைத் தாங்கிக்கொண்டிருந்தேன். என் உள்ளங்கையில் துடிப்பு முதலில் வேகமாக இருந்தது. அப்புறம் விட்டுவிட்டு வந்தது. தலை என் மணிக்கட்டில் சரிந்தது. பார்க்க ஆசைப்பட்டு வந்த என் கையிலேயே சாகப்போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது.

சூசை அதைக் கவனித்தார். வலையை ஒருமுறை பார்த்தார், பறவையை ஒருமுறை பார்த்தார்.

“யாருட்டயாவது கத்தி இருக்கா?”

மதினி இடுப்பிலிருந்து சிறு கத்தரி ஒன்றை எடுத்தார். தைத்த சட்டையில் பிசிறு நூல் வெட்டுகிற, கைக்குள் அடங்கும் கத்தரி. “வெட்டட்டுமா?”

“வெட்டுங்கக்கா. வலையைப் பொறவு பாத்துக்கிடலாம்.”

இறகைத் தொடாமல், தோலைத் தொடாமல், நூலை மட்டும். பதினோரு கண்ணி வெட்டினார். மூன்று மாதம் மெஷினில் வளைந்திருந்த முதுகு அசையவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. கடைசி நூல் விலகியதும் சூசை பறவையைத் தண்ணீரில் நிறுத்தினார். அவ்வளவு உயரத்துக்கு அது ஒரு சேவல் கனம்தான் இருந்தது என்றார்.

நின்றது. அவ்வளவுதான். ஒரு சிறகு தொங்கியது.

“பறக்கலன்னா பொழுதுக்குள்ள நாய் தூக்கிரும்,” என்று சூசை சொன்னார்.

ஆகவே காத்திருந்தோம். கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றை மூன்றாகப் பிரித்துச் சாப்பிட்டோம். மண் பறந்து வந்து சோற்றில் நறநறத்தது. சூசை வலையை அவிழ்த்துக்கொண்டு வந்து பொத்தலை அடைக்க உட்கார்ந்தார். நான் தைக்கிறேன் என்று மதினி கை நீட்டினார்.

“துணி தைக்கிற தையல்ல மீன் நிக்குமாக்கா? சும்மா இழுத்துப் பிடிங்க, போதும்.”

மதினி பிடித்தார். சூசை முடிச்சுப் போட்டார். வேலை நடக்கும்போதே அவர் பேசினார். இந்தப் பறவைகள் ஐப்பசி மழைக்குப் பின் வரும், பங்குனி வெயிலுக்கு முன் போகும். அவை நிற்கிற இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது என்பதால் படகுக்காரர்கள் அவற்றைப் பார்த்து ஒதுங்கிப் போவார்கள். “எங்களுக்கு இவிய ஒரு அடையாளம்,” என்றார். பறவையை ‘இவிய’ என்று அவர் மரியாதையாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்றே முக்கால் மணிக்குப் பறவை சிறகைக் கோதியது. பிறகு இரண்டையும் விரித்தது. அது திரும்பி, வாடைக்கு நேரே முகத்தை வைத்துத் தண்ணீரின் மேல் ஓடத் தொடங்கியது. ஆறு எட்டு, ஏழு எட்டு. காலையில் எங்கள் வண்டியை ஓடவிடாமல் தள்ளிய அதே காற்று அதன் சிறகுக்கடியில் புகுந்து தூக்கியது. கால்கள் தண்ணீரை விட்டன. ஒரு தடவை சரிந்தது. மதினி என் கையைக் கிள்ளிப் பிடித்தார். நிமிர்ந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டு வடக்கே, மற்றவை போய் இறங்கிய பக்கம் போயிற்று.

“போயிட்டு,” என்றார் சூசை, யாரிடமும் என்றில்லாமல்.

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காற்றில் கண்ணில் மண் விழுந்துவிட்டதாம்.

மூன்றரைக்குப் புதியம்புத்தூர் திரும்பினோம். ஐந்தேகாலுக்குக் கோவில்பட்டிப் பேருந்து வரும்வரை நிறுத்தத்தில் நின்ற மதினி, நான் படியில் கால் வைக்கும்போது கேட்டார்: “வார சனிக்கிழமை ஒனக்கு லீவுதானே?”

இந்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஓட்டப்பிடாரம் தாண்டியதும் இருபுறமும் கரிசல் நிலம். பருத்தி, சோளம், நடுவே தரிசு. ஆண்டுக்குப் பத்துத் தடவை வந்துபோகும் வழி. பார்க்க ஒன்றுமில்லை என்று தூங்குகிற வழி. பசுவந்தனையை நெருங்கும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. தரிசுக்கு மேலே, புல்லை உரசுவதுபோலத் தாழ்வாக, ஒடுங்கிய நீள இறக்கைகளோடு ஒரு பருந்து மிதந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அப்பால் ஐந்தாறு. ஒவ்வொன்றாகப் புல்லுக்குள் இறங்கி மறைந்தன.

பக்கத்து இருக்கையில் இருந்த வயதான அம்மா ஒருவர் என் பார்வை போன திக்கைப் பார்த்தார். “பருந்துல்லா. பனிக்காலத்துல வரும். ராத்திரி தரையிலதான் படுக்கும். மரத்துல ஏறாது.”

“எங்கிருந்து வருதும்மா?”

“யாரு கண்டா? வருசா வருசம் வருது.”

பூனைப்பருந்துகள். வடக்கே எங்கோ குளிருக்குத் தப்பி வருபவை. பாடத்தில் அதற்கும் ஒரு வரி உண்டு. என் ஊர்ப்பக்கத்து நிலத்திலேயே அவை இறங்குவதைப் பன்னிரண்டு ஆண்டுகள் கண்மூடிக் கடந்திருக்கிறேன்.

பசுவந்தனையில் பேருந்து நின்றதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“டீச்சர், கோவில்பட்டிக்குல்லா டிக்கெட் எடுத்தீங்க?” என்றார் கண்டக்டர்.

“அடுத்த வண்டியில வாரேன்.”

இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தேன். வெளிச்சம் இன்னும் இருபது நிமிடம் இருந்தது.