இருபது அடி தள்ளி நட்ட கல்

சூளைக்கார மாணிக்கம் போய்விட்டார் என்ற சேதியை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து காலை ரயிலில் வந்த ஒருவர் கிள்ளானில் என் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார். "சாயங்காலம் எடுக்கிறாங்கண்ணே, வந்துருங்க." போனேன். அவரோடு செங்கல் அறுத்த நீங்கள் எல்லாரும் அங்கே இருந்தீர்கள். நானும் ஒரு மூலையில் நின்றேன்.

உங்களுக்கு அவர் சூளைக்காரர். எனக்கு அவர் சர்வே சங்கிலி பிடித்த மாணிக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால், வெள்ளைக்காரரும் சயாம்காரரும் வடக்கே எல்லை பிரித்தபோது, கோலாலம்பூரிலிருந்து போன கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் நான். துரை முளையடித்துக் காட்டிய இடத்தில் நாங்கள் கல் நடுவோம். ஒவ்வொரு கல்லுக்கும் மாணிக்கம் சூடம் கொளுத்துவார். "நேரா நட்டா சாமி, கோணலா நட்டா சனியன்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

ஒருநாள் துரை ஓர் ஆள் உயரப் பாம்புப் புற்றின் உச்சியிலேயே முளையை அடித்துவிட்டு அடுத்த குன்றுக்குப் போய்விட்டார். புற்றை இடித்தால்தான் கல் நடலாம். என் மனைவிக்கோ நிறைமாதம். பிள்ளைத்தாச்சியின் புருஷன் புற்றில் கை வைக்கலாமா? முளையைப் பிடுங்கி, நம் பக்கம் இருபது அடி தள்ளி அடித்தேன்.

மாணிக்கம் தடுத்தார். "வேணாம்ண்ணே. நீங்க அப்படிப் போயி நில்லுங்க, நான் இடிக்கிறேன். பாவம் எனக்கே வரட்டும்."

"யாரு இடிச்சாலும் ஏவுனவன் நான்தானே. சொன்னதைச் செய்யிடா" என்று அதட்டினேன். காட்டுக்குள் இருபது அடி யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். புத்தி கெட்டவன்!

கல் தள்ளியதும் கோடும் சாய்ந்தது. அந்தக் கோட்டருகே இருந்த ஒரு கம்பத்தின், அதாவது மலாய்க் கிராமத்தின், கிணறு சயாம் பக்கம் போய்விட்டது. சில மாதங்களில் சயாம் காவலர்கள் கிணற்றைச் சுற்றி முள்கம்பி கட்டினார்கள். தண்ணீர் எடுக்க வந்த மலாய்ப் பெண்கள் வெறும் குடத்தோடு திரும்பினார்கள். அவர்களுடைய ஆண்கள் பாராங் கத்தியோடு போனார்கள். ஒருவருக்குக் காலில் குண்டு பாய்ந்தது. இரண்டு பக்கத்துப் போலீசும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றபிறகுதான் மறுபடி அளந்தார்கள். குட்டு வெளிப்பட்டது.

"யார் நகர்த்தியது?" என்று விசாரணையில் கேட்டார்கள். நான் ஆட்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மாணிக்கம் முன்னால் வந்து, "நான்தாங்க தொரை" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "நீங்க பச்சைப்புள்ளைக்காரரு. நான் ஒண்டிக்கட்டை, எங்க போனாலும் பொழைச்சுக்குவேன்" என்றார். வேலை போயிற்று. சயாம்காரனுக்கு விலைபோனவன் என்ற பேரும் சேர்ந்தது. எனக்கு அடுத்த வருஷமே வேலையில் உயர்வு கிடைத்தது.

ஒண்டிக்கட்டை என்றாரே, அவருக்குக் காப்பார் என்ற ஊரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. "எல்லைக் கல்லை நகத்துனவனுக்கு என் பொண்ணா?" என்று அவள் அப்பா முறித்துவிட்டார். அதற்கப்புறம் மாணிக்கம் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

போன வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு வந்திருந்தார். மணமேடையைப் பார்த்து, "இதாண்ணே அந்தப் புள்ள?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மகராசியா இருக்கட்டும்" என்று அட்சதை போட்டுவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவருக்குக் கொள்ளி வைக்கப் பிள்ளையில்லை; சூளைத் தோழர் ஒருவர்தான் வைத்தார். அப்போது என் பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "தங்கமான மனுசன். அந்தக் கல்லு விசயம் ஒண்ணுதான்..."

நான் தலையாட்டினேன். ஐயோ, எரிகிற சிதைக்கு முன்னால் நின்றுகொண்டு தலையாட்டினேன்! வீட்டுக்கு வந்து குளித்தும் அந்தத் தலையாட்டல் என்னைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாணிக்கத்திடமிருந்து நான் வைத்துக்கொள்ள ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: இருபது வருஷம் அவர் சுமந்த பழி. அது என்னுடையது. கல்லை நகர்த்தியவன் நான். என் மனைவிக்கும் மகளுக்கும் இன்று காலை சொல்லிவிட்டேன். இனி அவரைத் தங்கமான மனுசன் என்று சொல்கிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.